பெஞ்சில் ஒரு நட்சத்திரம்

பிட்ஸ்பர்க் கூடைப்பந்து அணிக்குப் பதினெட்டு வருடங்களாக நட்சத்திரம் ராடெல். இந்த சீசனின் கடைசி மாதம் முழுக்க அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

"கோச்கிட்ட பேசினியா?" என்றாள் மனைவி இவெட்.

"பேசினேன். முடிவு பண்ணியாச்சு."

மறுநாள் அவளே கோச்சிடம் போய் நின்றாள்.

"என் புருஷன் என்ன கிழவனாயிட்டானா? அஞ்சு நிமிஷம் இறக்கினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"தினமும் கெஞ்சுறேம்மா! அவன்தான் மாட்டேங்கிறான். 'நம்ம டீம் பையன் லாமான்ட் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கான். இப்ப ஆடிக் காட்டலேன்னா அடுத்த வருஷம் எந்த டீமும் அவனை எடுக்காது. என் இடத்தை அவனுக்குக் குடுங்க'ன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

அன்று மாலை லாமான்ட் முதல் பந்தைக் கூடையில் போட்டபோது, அரங்கத்திலேயே உரக்கக் கத்தியவள் இவெட்தான். பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்த ராடெலுக்கு, தன் குட்டு வெளிப்பட்டுவிட்டது புரிந்தது.