பல்கனியில் தொங்கியவர்

எவ்வளவு மணியடித்தும் மனைவி கதவைத் திறக்கவில்லை. சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்த ஜீவரட்ணம், மழைநீர்க் குழாயைப் பிடித்து, ஏறியும் சறுக்கியும் ஒருவழியாகப் பல்கனிக் கம்பியை எட்டினார். கீழே டென்மார்க்கின் ஒடென்சே நகரப் பொலிஸ் கார் வந்து நின்றது.

"இறங்கு! அடுத்தவன் வீட்டில் ஏறினால் மறியலில் அடைப்போம்!"

"ஐயா, இது என் வீடு! அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, என்மேல் குற்றம் எழுதிவிடாதீர்கள்!" தொங்கியபடியே டெனிஷில் கெஞ்சினார்.

பல்கனிக் கதவு திறந்தது. "என் கணவர்தான்," என்றாள் தேவமலர். பொலிஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

உள்ளே விழுந்த ஜீவரட்ணம் கத்தினார்: "எந்த விசரன் பொலிசுக்குப் போன் அடிச்சவன்?"

"நான்தான். நீங்கள் ஏறத் தொடங்கேக்கையே அடிச்சனான். என்ர டெனிஷ் நாய்க்கும் விளங்காது எண்டு காலமை சொன்னனீங்களெல்லே? அஞ்சு நிமிசத்தில வந்திட்டாங்கள், பாத்தியளே!"