பச்சை பட்டன்

“காது கேக்கலையா உனக்கு? எத்தனை தடவை கூப்பிடறது!”

உள்ளே இருந்து வந்த அதட்டலில், வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். காது சோதனைக்கு வந்தவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

நல்லவேளை, திட்டு வாங்கியது நோயாளி இல்லை, மெஷின். யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று சோதிக்கும் அந்தப் பழைய மெஷினை, நேற்று வந்திறங்கிய புதுக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்க வயர் அண்ணன் காலை எட்டரையிலிருந்து தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பில்லில் மட்டும் இருக்கும்.

மெஷினின் முதுகில் இருப்பது ஒன்பது ஊசி வைத்த பழைய சாக்கெட். புதுக் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று மருந்துக்கும் இல்லை, எல்லாமே யுஎஸ்பி. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் கேபிள் வாங்கிப் போட்டார். கம்ப்யூட்டர் அதற்குப் போர்ட் நம்பர் ஏழு என்றது. பழைய புரோகிராமுக்கோ நாலுக்கு மேல் எண்ணவே தெரியாது.

கெஞ்சிக் கூத்தாடி அதை மூன்றாக்கினார். வேகத்தை 9600க்கு இறக்கினார். அனுப்புகிற வயரும் வாங்குகிற வயரும் இடம் மாறியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தார். விரலில் ஒரு கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் இருபது தடவையாவது என்டர் தட்டியிருப்பார். திரையில் ‘வெயிட்டிங்’ என்ற ஒற்றைச் சொல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

இது போதாதென்று, பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுக் குட்டி ஒன்று, இவர் என்டர் தட்டும்போதெல்லாம் ஒரு கையை உயரத் தூக்கியது. தனக்கு டாட்டா காட்டுகிறது என்று முதல் இரண்டு தடவை இவரும் கையசைத்தார். ஏழாவது தடவை கடுப்பாகிவிட்டது.

“சும்மா இருடி, இன்னும் உன்னைக் கூப்பிடவே இல்ல” என்று அம்மாக்காரி கையைப் பிடித்து இறக்கினாள்.

“பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டும் பேசலைன்னா மெஷினைப் பழைய சாமானுக்குப் போட்டுடுவேன். புதுசு விக்கிற கம்பெனியே சர்வீஸும் பாத்துக்கும்” என்று டாக்டரம்மா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருந்தார். இதே கதையில் மூன்று ஆஸ்பத்திரிகள் ஏற்கெனவே வயர் அண்ணன் கையைவிட்டுப் போயாயிற்று. இதுவும் போனால் மெஷினோடு சேர்ந்து தானும் பழைய சாமான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, டெஸ்ட் எடுக்கிற பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“என்னண்ணே ஆச்சு? டாக்டரம்மா கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“நான் என்னம்மா பண்ணட்டும்? லைன் கிடைச்சா இது மூணு தடவை சன்னமா பீப் பீப்னு கத்தும். கத்தினதும் பச்சை பட்டனை அழுத்தணும். அஞ்சு செகண்ட் தாண்டினா அதுவே லைனைக் கட் பண்ணிடும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதை மாட்டினப்போ இதே இடத்துல நின்னு கேட்டிருக்கேன். இன்னைக்கு வாயே திறக்க மாட்டேங்குது, முண்டம்!”

“லைட் எதுவும் எரியாதா?”

“அது ஃபியூஸ் போயி ஆறு வருஷமாச்சு. சத்தம் ஒண்ணுதான் அடையாளம்.”

“எங்கே, எனக்காக ஒருதரம் போடுங்க.”

என்டரைத் தட்டிவிட்டு, மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். ஐந்து செகண்ட் போயிற்று. திரையில் மறுபடி அதே ‘வெயிட்டிங்’. “பாத்தியா? நான் சொன்னா யாரு நம்புறா!” என்று ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் விட்டெறிந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்தாள்.

“எதுக்குக் கண்ணு கையைத் தூக்குற?”

“நீங்கதானே ஆன்ட்டி போன தடவை டெஸ்ட்ல அப்படிப் பண்ணச் சொன்னீங்க?”

“காலையில ஒம்போதே முக்காலுக்கு வந்ததிலேர்ந்து இதே வேலைங்க” என்று அம்மாக்காரி அலுத்துக்கொண்டாள்.

டெஸ்ட் எடுக்கிற பெண் மெஷின் பக்கத்தில் வந்து, பச்சை பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டாள். “இன்னும் ஒரே ஒரு தடவை தட்டுங்கண்ணே.”

வேண்டாவெறுப்பாகத் தட்டினார். குட்டியின் கை மேலே போயிற்று. அதே நொடியில் அவள் பட்டனை அழுத்தினாள்.

‘வெயிட்டிங்’ மறைந்தது. திரை முழுக்க எண்கள் கடகடவென்று ஓடின. மெஷினும் கம்ப்யூட்டரும் நெடுநாள் சினேகிதர்கள் மாதிரி பேச ஆரம்பித்தன.

வயர் அண்ணனுக்கு ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னொரு பக்கம் எரிச்சல் தீரவில்லை. “அடிப்பாவி! சத்தமே வரலையே, எதை வெச்சு அழுத்தின? இத்தனை நேரம் எனக்கு மட்டும் ஏன் இது மசியல?”

அவள் அறைக்கதவைச் சாத்தினாள். வெளிச்சத்தம் புகாத டெஸ்ட் கூண்டின் கதவைத் திறந்து, ஆணியில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை எடுத்துத் துடைத்தாள். அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:

“மூணு பீப்பும் வந்துச்சு. உள்ள வந்து உக்காருங்கண்ணே, மொத டெஸ்ட் உங்களுக்குத்தான்.”