255-க்கு அடுத்தது

குத்துக்கல்வலசையில் நாங்கள் கட்டிய புது வீட்டில் வயரிங் பாதிதான் முடிந்திருந்தது. ஹாலில் எட்டு சுவிட்ச் உள்ள போர்டு. தட்டினால் எதுவும் எரியாது. யூடியூபில் கோடிங் படிக்கும் எனக்கு அது தோதாகப் போயிற்று. ஒரு சுவிட்ச் ஒரு பிட், எட்டும் சேர்ந்தால் ஒரு பைட். வலது ஓரம் ஒன்று, அடுத்தது இரண்டு, பிறகு நான்கு என இரட்டித்துக்கொண்டே போகும். எட்டையும் போட்டால் 255. அதற்கு மேல் எண்ண, எட்டும் அணைந்து அடுத்த பைட்டில் ஒன்று விழ வேண்டும்.

அன்றைக்கு வலது ஓரத்து இரண்டை விட்டு மற்ற ஆறையும் போட்டு 252 வைத்தேன். அப்படியே வீட்டைப் பூட்டிவிட்டு, குழந்தையோடு குற்றாலம் போய்க் குளித்து வந்தோம். வந்து பார்த்தால் வலது ஓர சுவிட்சும் போட்டிருந்தது. 253.

"நீங்கதானே தட்டினீங்க?"

"எனக்கு வேற சோலி இல்ல பாரு," என்றார் என் வீட்டுக்காரர் இசக்கிமணி.

மறுநாள் பண்பொழி கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். வலது ஓர சுவிட்ச் அணைந்து, அதன் பக்கத்து சுவிட்ச் போட்டிருந்தது. 254. இந்த பைனரி கணக்கு தெரிந்த ஆள்தான் இப்படி மாற்ற முடியும். இவருக்குத் தெரியாது. தெரியாத மாதிரி இருக்கிறாரோ?

"ஏட்டி, என்னையவே சந்தேகப்படுதியா?"

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, இவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு போர்டையே பார்த்தேன். வலது ஓர சுவிட்ச் தானாக விழுந்தது. எட்டும் போட்டாயிற்று, 255. கொஞ்ச நேரத்தில் எட்டும் ஒன்றாக அணைந்தன.

"முடிஞ்சிட்டுட்டி," என்று இவர் மூச்சு விட்டார்.

அடுத்த போர்டு உள்ரூமில், தொட்டிலுக்கு மேலே இருக்கிறது. அங்கே ஒரு சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்டது.