இரண்டு வருடத்துப் பெட்ரோல் பில்

வேல்ராஜ் பையை மேசையில் கவிழ்த்தான். இரண்டு வருடத்துப் பெட்ரோல் பில்கள் மாதவாரியாகக் கட்டுக் கட்டாக விழுந்தன.

ஆடிட்டர் ஜஸ்டின் சிரித்துவிட்டார். "தென்காசியில எந்த டெலிவரிக்காரனும் இப்படிக் கொண்டாந்ததில்ல தம்பி. எதுக்கு இம்புட்டும்?"

"சொந்தமா லோடு ஆட்டோ எடுக்கணும் சார். வருமான வரி தாக்கல் பண்ணுன காகிதம் இருந்தாத்தான் லோன்னு பேங்குல சொல்லுதாவ. வரி நெறைய வருமா?"

"உன் வருமானத்துக்கு வரியே வராது. கம்பெனி பிடிச்ச வரியும் திரும்பி வந்துரும். பான் கார்டக் குடு."

குற்றாலத்துச் சாரலில் நனைந்து நனைந்து பார்சல் கொடுத்த இரண்டு வருடமும் ஜஸ்டின் பான் எண்ணைத் தட்டிய கம்ப்யூட்டரில் தெரியப்போகிறது என்று வேல்ராஜ் எட்டிப் பார்த்தான்.

"உன் பேர்ல ஒரு ரூபா வருமானம்கூட இல்லையே. டெலிவரி கம்பெனியில யார் ஐடியில ஓட்டுத?"

"என் ஐடிய பிளாக் பண்ணிட்டாவ சார். சிவகிரியில எங்க அத்தான் சுடலைக்கண்ணு பேர்ல ஒண்ணு எடுத்து ஓட்டுதேன். பணம் அவர் கணக்குல விழும். வாராவாரம் எனக்குத் தந்துருவாரு. ஆனா ஓட்டுனது பூரா நான்தான்."

ஜஸ்டின் பில்களை மெல்ல அவன் பக்கம் தள்ளினார்.

"போன மாசம் அவரும் இங்கன வந்துதான் அந்த வருமானத்தத் தன் பேர்ல தாக்கல் பண்ணுனாரு. அதக் காட்டி லோன் வாங்கிட்டாரு. அடுத்த வாரம் லோடு ஆட்டோ வருதாம். உங்கிட்ட சொல்லலையா?"

வேல்ராஜின் போன் அடித்தது.

"சுடலைக்கண்ணுதானே? என் பார்சல் எப்ப வரும்?" என்றது ஒரு பெண் குரல்.

வேல்ராஜ் ஜஸ்டினைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"சுடலைக்கண்ணுதான் பேசுதேன் அக்கா. இந்தா வந்துட்டேன்."