ரெண்டு பூட்டு

"கையெடுத்துக் கும்பிடறேன் சார். ஒரு மணி நேரத்துக்குக் கோயில் சாவியக் குடுங்க. பூசை முடிஞ்சு சவத்தை வெளிய எடுத்ததும் நானே பூட்டிக் கொண்டாந்து குடுத்துடறேன்."

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்தவில்லை. எதிரே நின்ற கோயில்பிள்ளைக்கு இரண்டு நாள் தாடி. சட்டையெல்லாம் ஆஸ்பத்திரி வாடை.

"செத்தது யாரு? எங்க ஆளா, அவங்க ஆளா?"

"பேரைச் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டுத்தான் சார் கண்ணை மூடினாரு. பேரைச் சொன்னா எந்தக் கட்சின்னு பார்ப்பாங்க, ஒரு கிறிஸ்தவனுக்குக் கதவைத் தொறங்கன்னு மட்டும் கேளுன்னாரு. தனிக்கட்டை சார். பொண்டாட்டி புள்ளைன்னு யாரும் கிடையாது."

கோயிலைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றுவதுதான் இருபது வருடமாகக் கோயில்பிள்ளையின் வேலை. மூன்று மாதமாக அதுவும் இல்லை. புதிதாக வந்த பங்குச் சாமியார், சுவரைப் பார்த்திருந்த பீடத்தை ஜனங்களைப் பார்க்கத் திருப்பினார். பெண்களை வாசகம் வாசிக்க விட்டார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்கு ஓட்டுப் போட்டு ஆள் எடுங்கள் என்றார்.

ஆயர் இந்தச் சாமியாரை மாற்றினால்தான் திறப்போம் என்று மருந்துக்கடைக்காரரின் ஆட்கள் கோயிலைப் பூட்டினார்கள். நாங்கள் இல்லாமல் நீங்களும் திறக்கக் கூடாது என்று சாமியார் பக்கம் நின்ற டீச்சரின் ஆட்கள் அன்று சாயங்காலமே இன்னொரு பூட்டைத் தொங்கவிட்டார்கள்.

"பூசை யாரு வைக்கறா? அந்தப் புதுமைச் சாமியாரா?"

"இல்ல சார். வெளியூர்ச் சாமி வர்றாரு."

கத்தரி நின்றது. "அப்ப நம்ம மகான் எங்க? ரெண்டு நாளா அறை பூட்டிக் கிடக்குதே. ஆயர் கூப்பிட்டு டோஸ் விட்டாரா?"

கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அதுவே கடைக்காரருக்குப் போதுமானதாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"நாலு மணிக்குச் சாவியோட வர்றேன். ஆனா முதல்ல அவங்க பூட்டைத் தொறக்கட்டும்."

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகக் கோயில்பிள்ளை டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பாதி கேட்டதுமே சிவப்புப் பேனாவை மேஜையில் போட்டார்.

"வெளியூர்ச் சாமி எதுக்கு? நம்ம சாமி ஆயர்கிட்ட நியாயம் கேக்கப் போயிருக்காரு. அவர் இல்லாத நேரத்துல வேற ஆளுக்குக் கதவைத் தொறந்து விட்டா, அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா?"

"ஜெயிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு டீச்சர்? வெயில்ல வண்டி நிக்குது. ஐஸ் கரைஞ்சிட்டிருக்கு."

டீச்சர் அசையவில்லை. கோயில்பிள்ளை சடாரென்று அவர் காலில் விழுந்தார்.

"போன மாசம் ஒரு கைக்குழந்தைய நடுரோட்டுல வெச்சு ஜெபம் சொல்லி அனுப்பினோமே, மறந்துட்டீங்களா? மழைத்தண்ணி பெட்டிக்குள்ள இறங்குச்சு டீச்சர். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

டீச்சரின் கண் கலங்கியது. ஆனால் குரல் இளகவில்லை. "எழுந்திரு. வர்றேன். முதல்ல பூட்டினது அவங்க. முதல்ல தொறக்க வேண்டியதும் அவங்கதான்."

நாலு மணிக்குக் கோயில் வாசலில் ஆஸ்பத்திரி வேன் நின்றது. மூடிய பெட்டியைப் படிக்கட்டில் இறக்கி வைத்தார்கள். வலப்பக்கம் நூறு பேர், இடப்பக்கம் நூறு பேர். வெளியூர்ச் சாமி புத்தகத்தைப் பிடித்தபடி நடுவில் விழித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு சாவியும் வந்திருந்தன. இரண்டு பூட்டும் அப்படியே தொங்கின.

"நீங்க தொறங்க முதல்ல."

"ஏன், உங்க கைக்கு என்ன கேடு?"

"பீடத்தைத் திருப்பினவங்க பேசக் கூடாது!"

"கோயிலையே பூட்டினவங்க அதைச் சொல்லக் கூடாது!"

யார் யாரைத் தள்ளினார்கள் என்று தெரியவில்லை. கூட்டம் படிக்கட்டில் சரிந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோயில்பிள்ளை பாய்ந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முழங்கால் கல்லில் சிராய்த்து ரத்தம் வழிந்தது.

"பெட்டி சாயுதுய்யா! ஐயா, பெட்டி சாயுது!"

ஒருவர் காதிலும் விழவில்லை. டீச்சரின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"எங்க சாமியார் வந்து ஒரு வார்த்தை தொறன்னு சொல்லட்டும். அடுத்த நிமிஷம் தொறக்கறேன்!"

"வரட்டுமே!" என்றார் மருந்துக்கடைக்காரர். "வந்து, பங்கை விட்டுப் போறேன்னு இந்த ஜனத்துக்கு முன்னாடி சொல்லட்டும். நானும் தொறக்கறேன்!"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே ஆளைக் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக் கூட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் கோயில்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இங்க ஒக்காந்து அழுதா ஆச்சா? போய்யா, போய்ச் சாமியாரைக் கூட்டிட்டு வா!"

கோயில்பிள்ளை மெல்ல எழுந்து நின்றார். அழுகை நின்றுபோயிருந்தது. கொடுத்த வாக்கை இனிமேல் காப்பாற்ற முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. குனிந்து பெட்டியின் மூடியை எடுத்தார்.

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."