எப்போதும் அந்த வெள்ளைதான்

“திரும்பவும் இதா?” கடைக்காரருக்குக் கேட்காமல் பல்லைக் கடித்தான் லக்ஷன்.

அவன் மனைவி மேனுகா அந்த மலிவான வெள்ளை வைனைக் கூடைக்குள் வைத்தாள். இதோடு நாலாவது மாதம்.

“போன முறை மதுஷன் என்ன சொன்னவன்? ‘மேனுகாக்கா குடிக்கத் தண்ணி கொண்டு வந்திரிக்கா’ எண்டான். எல்லாரும் நல்ல சிவப்பு வைனாத் தேடி எடுத்து வாறாங்க. சுவிஸ்ல இருந்து வந்த நாங்க மட்டும் இதோட போய் நிக்கிறம். மானம் போகுது.”

“போகட்டும்.”

தேற்றாத்தீவில் டொக்டர் கந்தப்போடியின் வீட்டில்தான் மாதாமாதம் வைன் பிரியர்கள் கூடுவார்கள். போத்தல்களுக்குப் பேப்பர் சுற்றியிருக்கும். முகர்ந்து பார்த்து, இன்ன வைன் என்று முதலில் சொல்வது டொக்டர்தான்.

கார் கல்லடிப் பாலம் தாண்டிய பிறகுதான் மேனுகா வாய் திறந்தாள்.

“டொக்டருக்கு இப்ப மணமே தெரியா.”

“என்ன?”

“அண்டைக்கு அவர்ட குசினியில இறால் கருகி வீடெல்லாம் நாத்தம். அடுப்புக்குப் பக்கத்துல நிண்ட மனிசன் சும்மா நிக்கிறார். காய்ச்சலோட போயிரிக்கி. ஆருக்கும் சொல்லல்ல. வெளியில தெரிஞ்சா இந்தக் கூட்டத்தையே விட்டிருவார். மனிசியும் இல்ல, தனிய இரிக்கிறார். அந்த வீட்டுக்கு நாலு பேர் வாறதே இந்த ஒரு நாள்தான்.”

“அதுக்கு?”

“வெள்ளை கொண்டு போறது நான் மட்டும்தானே. மத்தது பிழைச்சாலும், நிறத்தப் பாத்து இதையாவது சரியாச் சொல்லுவார்.”

லக்ஷன் அந்தப் போத்தலுக்குத் தானே பேப்பர் சுற்றினான்.

அன்றும் டொக்டர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

“இது மேனுகாட வைன். பழுத்த கொய்யா வாசம்! இண்டைக்கு வந்ததுல இதுதான் திறம்.”

ஏதோ சொல்ல வாயெடுத்த மதுஷன் பேசாமல் கிளாஸை நீட்டினான். மேனுகா கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

புறப்படும்போது டொக்டர் லக்ஷனைக் கேற்றடியில் தனியாக மறித்தார்.

“மனே, உன்னட்ட மட்டும் சொல்றன். எனக்கு மணமும் தெரியா, ருசியும் தெரியா. ஆறு மாசமாச்சு.”

லக்ஷன் இப்போதுதான் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான்.

“அப்ப ஏன் டொக்டர் இந்தக் கூட்டம்?”

“எப்பவோ நிப்பாட்டியிருப்பன். அந்தப் புள்ள மாசாமாசம் அந்த ஒரே போத்தலோட வருது. நான் முந்திப் புகழ்ந்தாத்தான் மதுஷன் வாயத் திறக்க மாட்டான்.” குரலைத் தாழ்த்தினார். “அவக்குச் சொல்லிராத. பாவம், தன்ட வைன் திறம் எண்டு நம்பிட்டு இரிக்கிறா.”