லோ வோல்டேஜ்

அறுபது தாண்டிய எல்லோர் நெஞ்சிலும் துடிப்பைக் கண்காணிக்கும் இதயப் பட்டை ஒட்டியிருந்த காலம் அது. வெள்ளத்தாயின் பட்டை காலையிலிருந்து, “லோ வோல்டேஜ், உடனே கவனிக்கவும்” என்று கத்திக்கொண்டிருந்தது.

“இது உங்களைவிடத் தொணதொணக்குதுங்க,” என்றாள் அவள், மூச்சு வாங்க. “எனக்குப் படுக்கவே முடியல.”

புருஷன் சங்கையாவுக்கு எந்த மெஷின்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் கோவில்பட்டியின் கோடைக் கரண்டை அவருக்கு நன்றாகத் தெரியும். ஃபேனே முக்கி முக்கித்தான் சுற்றும். பட்டைக்குச் சார்ஜ் ஏற்றும் பிளக்கில் ஒரு ஸ்டெபிலைசரை மாட்டிப் பார்த்தார். கத்தல் நிற்கவில்லை.

“கொஞ்சம் பொறு தாயி. லைன்மேனை வரச் சொல்லியிருக்கேன்.”

மறுநாள் வந்த லைன்மேன் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தான். “கரண்டு சரியாத்தான் இருக்கு, பெரியவரே. அம்மா மூஞ்சியப் பாருங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் மூச்சு அடங்கிவிட்டது.

“இதயத்தைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்குய்யா,” என்றார் டாக்டரம்மா. “அதான் துடிப்பு வெளிய சின்னதாத் தெரிஞ்சிருக்கு. பட்டை லோ வோல்டேஜ்னு கத்துனது அதைத்தான். நேத்தே வந்திருந்தா ஊசி போட்டு எடுத்திருக்கலாம். அம்மா ஒண்ணுமே சொல்லலையா?”

“சொன்னா. நான்தான் லைன்மேன் வரட்டும்னு உக்கார வச்சிருந்தேன்.”